வெங்காயத்துக்கும் அழாதவள்

“அழுற பொண்ணா இருந்தா இப்பவே சொல்லிரு” என்றார் இனியவன்.

“அழுதா என்ன செய்வீங்க?”

“மலைக்கு ஓடிருவேன். எங்கக்கா அழுதே எல்லாத்தையும் வாங்கிரும். சைக்கிள், தோடு, மாப்பிள்ளை எல்லாமே அழுது வாங்குனதுதான். பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு.”

“நான் அழமாட்டேன்.”

“அது வேணும் இது வேணும்னு கேட்டுக்கிட்டே இருப்பியா?”

“கேக்கவும் மாட்டேன்.”

“அப்ப நாளைக்கே தாலி கட்டிர்றேன்.”

நிச்சயதார்த்தம் முடிந்த மூன்றாம் நாள் போனில் நடந்த பேச்சு இது. ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. பி.எஸ்சி., பி.எட். முடித்திருந்தேன். அவ்வளவு படித்தும், ஒருவர் எனக்கு இரண்டு விதிகள் போட்டதைக் கொஞ்சல் என்று எடுத்துக்கொண்டு, போனை நெஞ்சில் வைத்தபடி சிரித்துக்கொண்டே தூங்கினேன். இருபத்துநான்கு வயதில் முட்டாள்தனத்துக்குக் காதல் என்றுதான் பெயர்.

விதிகளை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன். அழவில்லை, கேட்கவில்லை. அதற்குக் கிடைத்த பரிசு வெங்காயம்.

போடியில் என் மாமியார் இருளம்மாள் குடும்பம் பெரியது. மாதம் ஒரு காதுகுத்து, கிடாவெட்டு, வீடு குடிபுகுதல் வரும். எந்த விசேஷம் என்றாலும் பத்துக் கிலோ சின்ன வெங்காயம் உரித்தாக வேண்டும். மற்ற பெண்கள் முந்தானையால் மூக்கையும் கண்ணையும் துடைத்துக்கொண்டு, நாலு கை உரித்துவிட்டு, குழந்தை அழுகிறது என்று எழுந்து போய்விடுவார்கள். வந்த புதிதில் நானும் அழுதேன். மூன்றாம் வருடம் கொஞ்சம் குறைந்தது. ஐந்தாம் வருடம், சுடலைமாடன் கோயில் கிடாவெட்டில், பத்துக் கிலோவையும் நான் ஒருத்தியே உரித்தேன். கண்ணில் ஈரம்கூட இல்லை.

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. சிலமலையிலிருந்து தேவாரம் வரை சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொன்னாள். அதன் பிறகு கிரைண்டரை இரவல் கேட்பதுபோல என்னை இரவல் கேட்க ஆரம்பித்தார்கள். பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு எல்லாவற்றிலும் மூட்டைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பலகை போட்டார்கள். என் கணவரின் அக்கா ஈஸ்வரி மதினிதான் இதில் முந்தி நிற்பாள். “பவதாரணி கண்ணு இரும்புக் கண்ணு” என்று வந்தவர்களிடம் காட்டுவாள்.

வெங்காயத்துக்கும் அழாத கண்ணில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களைச் சொல்லி என்ன, எனக்கே தோன்றவில்லை. வெங்காயம் வெட்டினால் ஏன் கண்ணீர் வருகிறது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டுப் பாடம் நடத்துகிறவள் நான். பாடத்தை நடத்தி முடித்துவிட்டு, சாயங்காலம் போய்ப் பத்துக் கிலோ உரித்தேன்.

போன வருடம் ஆடிக்காற்று தொடங்கியபோதுதான் சங்கதி முற்றியது. காலையில் இமைகள் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டன. திறந்தால், கண்ணுக்குள் ஒரு கை மணலை அள்ளிப் போட்ட உறுத்தல். மின்விசிறிக் காற்றுப் பட்டாலே எரிந்தது. வாயும் கூடச் சேர்ந்துகொண்டது. பிஸ்கட் தின்றால் மாவாக மேலண்ணத்தில் ஒட்டும். இட்லியைத் தண்ணீர் குடித்துத்தான் தள்ள வேண்டும். வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே நாக்கு அண்ணத்தில் ஒட்டிச் சொல் பாதியில் நிற்கும். தண்ணீர் பாட்டில் இல்லாமல் நான் வகுப்புக்குள் போவதில்லை. பிள்ளைகள் எனக்குப் ‘பாட்டில் டீச்சர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த வருடத்திலேயே இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தையாகிப் போயின. விரல் மூட்டுகள் காலையில் மடங்க மறுத்தன.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஈஸ்வரி மதினி உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்தாள். அதுவும் கேட்காதபோது கண்பட்டிருக்கிறது என்று மிளகாய் சுற்றிப் போட்டு, அந்தப் புகையில் என் கண்ணை இன்னும் இரண்டு நாள் எரியவிட்டாள். என் கணவரின் தாய்மாமா அழகுமலை முப்பது வருடம் ஏலக்காய்க் கடையில் தரம் பிரித்தவர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் ஏலக்காய்க்கு அடங்காத நோய் கிடையாது. “நாலு காய வாயில அடக்கிக்க தாயி. எட்டு எம்எம் பச்சைக் காய், வெளியூர்க்காரனுக்குக் குடுத்து வைக்காது” என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். எச்சில் ஊறாத வாயில் ஏலக்காய் என்பது உமி. அவர் முகத்துக்காக மென்று, தண்ணீர் விட்டு விழுங்கினேன்.

இனியவன் என்ன சொன்னார் என்று கேட்க வேண்டாமா? கண்ணாடியை மாற்றச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கத்துவதைக் குறைக்கச் சொன்னார். அவர் போடிமெட்டுக்கு மேலே குத்தகைக்கு எடுத்த ஏலத்தோட்டத்தைப் பார்க்கிறார். காலை ஆறு மணிக்கு ஆட்களோடு ஜீப்பில் ஏறினால், பொழுது சாயத்தான் இறங்குவார். இறங்கும்போது எனக்கு ஒரு பை கொய்யாவோ, எங்கள் மகள் அனுப்பிரியாவுக்கு ஒரு கொத்துக் காட்டுப்பூவோ இருக்கும். கெட்ட மனிதர் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

தேனி கண் மருத்துவர் என்னை மதுரைக்கு அனுப்பினார். பள்ளியில் விடுப்புப் போட்டுவிட்டு, தனியாகப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு பெண் மருத்துவர், கீழிமைக்குள் மெல்லிய காகிதப் பட்டை ஒன்றைச் செருகி, கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னார். கண்ணீர் ஊறினால் காகிதம் நனையும். எடுத்துப் பார்த்தபோது, வைத்தது வைத்தபடி காய்ந்திருந்தது.

“கடைசியா எப்பம்மா அழுதீங்க?”

யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை.

இரத்தப் பரிசோதனைகள் முடிந்து மூன்றாம் முறை போனபோது நோயின் பெயரைச் சொன்னார். ஷோகிரன். காவலுக்கு இருக்க வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறிப்போய்ச் சொந்தச் சுரப்பிகளையே அடிக்கிறது என்றார். கண்ணீரும் எச்சிலும் ஊறும் இடங்களைத்தான் முதலில் பிடிக்குமாம். மூட்டு, நுரையீரல் என்றும் போகலாம், ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டும், ஆனால் கவனித்தால் நன்றாக வாழலாம் என்றார். கருவிழியில் ஏற்கெனவே கீறல்கள் விழுந்திருந்தன. கீழுதட்டின் உள்பக்கத்தில் ஒரு துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், அதற்குத் துணைக்கு ஆள் வர வேண்டும் என்று தேதி குறித்தார்.

“மூணு தடவையும் தனியாத்தான் வந்தீங்க. வீட்டுக்காரர் வெளியூரா?”

“உள்ளூர்தான்” என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அதுவே போதுமான அவமானமாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில், கூட வாங்க என்று அவரிடம் கேட்கும் அந்த ஒரு வாக்கியத்தைப் பழகினேன். உசிலம்பட்டியில் மிடுக்காகச் சொல்லிப் பார்த்தேன். ஆண்டிபட்டியில் கோபமாக. தேனி வந்தபோது சாதாரணமாக, போகிறபோக்கில் சொல்வதுபோல. போடியில் இறங்கியதும் முழுங்கிவிட்டேன். தண்ணீர் இல்லாமல் என்னால் முழுங்க முடிந்தது அது ஒன்றைத்தான். கேட்காத பெண் என்ற பட்டத்தை ஒன்பது வருடம் காப்பாற்றியவளுக்கு, கேட்பது எப்படி என்றே மறந்திருந்தது.

வீட்டில் என் சீக்கைக் கண்டுகொண்டது அத்தை மட்டும்தான். அவள் ஒன்றும் பஞ்சு நெஞ்சுக்காரி இல்லை. “கோழி மாதிரி வாய்க்கு ஒரு தரம் தண்ணி குடிக்கிறா பாரு” என்று பந்தியில் எல்லார் முன்னாலும் என்னை நையாண்டி செய்தவள். ஆனால் அன்றிலிருந்து நான் உட்காரும் முன்பே என் தட்டுக்குப் பக்கத்தில் செம்பு நிறைந்திருக்கும். என் சோற்றுக்கு மட்டும் ரசம் இரண்டு கரண்டி கூட விழும். மதுரையிலிருந்து வந்த அன்று என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று நேராகக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப, நீ வெங்காயத்துக்கு அழாதது சாமர்த்தியம் இல்லையாடி?”

“இல்லத்தே. அதுவும் சீக்குத்தான்.”

“அடிப்பாவி, ஊரு ஊருக்குப் பீத்திட்டு வந்தேனே” என்று சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். முந்தானையால் அதைத் துடைக்கப் போனவள், சட்டென்று நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தட்டில் சோறு இல்லாதவள் முன்னால் சாப்பிட்டுவிட்டதுபோல அவளுக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு குரல் மாறியது.

“அவங்கிட்டக் கேளு, கூட வாங்கன்னு. நான் சொன்னா அம்மா சொல்லுக்கு வருவான். நீ கேட்டு வரணும். வாய்தான் காஞ்சுபோச்சு, தைச்சா வச்சிருக்கு?”

கேட்கிறேன் என்றேன். அதிலிருந்து பதினோராம் நாள் காலையில், முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்த அத்தை அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு ஊரிலிருந்தும் பெண்கள் கூட்டமாக வருவார்கள். தெருமுனையிலேயே அழுகை தொடங்கிவிடும். வீட்டுப் பெண்கள் எழுந்து போய் அவர்களைத் தோளோடு தோள் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கூட்டத்தோடும் புதிதாக அழ வேண்டும். அன்று பதினான்கு கூட்டம் வந்தது. பதினான்கு முறையும் எழுந்தேன். எத்தனையோ பெண்கள் என் தோளில் கண்ணைத் துடைத்துவிட்டு, தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்தவுடன் அவர்களுக்கு அழுகை நின்றுவிட்டது. இறந்தவளைவிடச் சுவாரசியமான ஒன்று கிடைத்துவிட்டது.

நெஞ்சு உடைந்துபோயிருந்தது. அழுகை உள்ளேயிருந்து கிளம்பிக் கண்வரை வந்து, அங்கே நெருப்பாக எரிந்துவிட்டு நின்றது. அந்த வீட்டில் என் செம்பை நிறைத்து வைத்த ஒரே கை போய்விட்டது. அதை எந்த நாத்தனாரும் என் முகத்தில் படிக்க முடியவில்லை. அவர்களுக்குப் படிக்கத் தெரிந்தது தண்ணீரை மட்டும்தான்.

மூன்றாம் நாள் ஈஸ்வரி மதினி நடுவீட்டில் வைத்துக் கேட்டேவிட்டாள், அவளுடைய ஆத்தாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட எனக்கு மனம் இல்லையா என்று. இனியவன் மொட்டைத் தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண்ணீர் ஊறுவதே இல்லை, டாக்டர் சொன்னார் என்றேன்.

மதினி கைகொட்டினாள். “கேட்டுக்கங்கப்பா. அழாம இருக்குறதுக்கும் மதுரையில ஒரு சீக்கு விக்கிறாகளாம்.”

கூடியிருந்தவர்கள் துக்க வீட்டையும் மறந்து சிரித்தார்கள். இனியவன் சிரிக்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்.

“எங்கம்மாவுக்குக்கூட உங்கிட்டக் கண்ணீர் இல்லையா பவா?”

அழாத பெண் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் கேட்ட கேள்வி அது. அதற்கு மேல் நான் விளக்கவில்லை. கருமாதி வரை ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் அனுப்பிரியா வழியாகத்தான் பேசினோம். அவள் முதல் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் உள்ள எல்லாருக்கும் சேர்த்து அழுகிறவள் அவள்தான். அவர் மலையிலிருந்து இறங்கி வந்தாலும் அடுக்களை மேடையில் கொய்யா இருக்காது. இரவில் அவர் வேறு அறையில் படுத்தார். துக்கம் முடிந்ததும் இதுவும் முடியும் என்று முதலில் நினைத்தேன். பத்தாம் நாளுக்கு மேல், முடியாது என்று தோன்ற ஆரம்பித்தது. ஒரு மனிதர் தன் மனைவியைக் கல் என்று ஒருமுறை தீர்மானித்துவிட்டால், அதன்பிறகு அவள் செய்கிற எல்லாமே கல்லாகத்தான் தெரியும்.

பதினாறாம் நாள் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மதுரையில் எனக்குக் குறித்த தேதி. விடிந்ததும் சமையல்காரர் வெங்காய மூட்டையை அவிழ்த்தார். யார் உரிப்பது என்று பேச்சு வந்தபோது, ஈஸ்வரி மதினி சிறிதும் யோசிக்காமல், “பவதாரணிகிட்டக் கொடுங்க, அவதான் கண்ணு கலங்காம வெரசா உரிப்பா” என்றாள். எட்டு மணிக்கு உரித்து முடித்தேன். ஒன்பது மணிக்கு அதே மதினி என்னை ஓரமாக இழுத்து, கைக்குட்டைக்குள் நறுக்கிய வெங்காயத்தை வைத்துச் சுருட்டி என் கையில் திணித்தாள்.

“சிலமலை ஆளுக வர்ற நேரம். கண்ணுல தேச்சுக்க. ஊரு வாயை மூடணும்ல.”

அவள் முகத்தைப் பார்த்தேன். நையாண்டி இல்லை. நிஜமாகவே யோசனை சொல்கிறாள். ஒரு மணி நேரத்துக்கு முன் சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் நடுவே அவள் மூளையில் ஒரு நூலும் ஓடவில்லை. கைக்குட்டையை வாங்கி ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன்.

அன்று காற்று பேயாக அடித்தது. விறகடுப்புப் புகை முழுக்கக் கொல்லையில்தான் சுழன்றது. கண் எரிச்சல் தாங்க முடியாமல் குழாயடியில் நின்று, மதுரை டாக்டர் எழுதிக்கொடுத்து, இடுப்பில் சொருகியே வைத்திருந்த கண் சொட்டுமருந்தை எடுத்தேன். விரல்கள் சரியாக மடங்கவில்லை. இரண்டு சொட்டு உள்ளே போனால் நாலு சொட்டு கன்னத்தில் வழிந்தது. துடைக்க நேரம் இல்லை. முன்வாசலில் அழுகை கேட்டது. சிலமலைக் கூட்டம் வந்துவிட்டது.

அப்படியே உள்ளே போனேன்.

முதலில் பார்த்தது முத்துப்பேச்சி என்ற பெரியம்மா. அழுகையை நிறுத்தி என் கன்னத்தை உற்றுப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். அவள் அடுத்தவளை. கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. பிறகு அத்தை இறந்த அன்றுகூட எழாத அளவுக்கு ஒரு அழுகை எழுந்தது. ஈஸ்வரி மதினி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள், என் ஆத்தா பெறாத மகளே என்று என்னைக் கூப்பிட்டு அழுதாள். அவளுடைய வெங்காயம் வேலை செய்துவிட்டது என்ற திருப்தி வேறு. அழகுமலை மாமா தோள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பதினாறு நாளாக என்னைக் கல்லாக வைத்திருந்த வீடு, மருந்துக்கடையில் வாங்கிய நாலு சொட்டுக்கு என்னைத் திருப்பி மனுஷியாக்கியது.

கூட்டம் பந்திக்கு நகர்ந்ததும் கொல்லைக்கு வந்துவிட்டேன். பின்னாலேயே இனியவன் வந்தார். மொட்டைத் தலையில் லேசாக மயிர் அரும்பியிருந்தது. எதிரே வந்து நின்று, தோளில் கிடந்த துண்டின் நுனியால் என் கன்னத்தைத் துடைத்தார். பதினாறு நாளுக்குப் பிறகு அவர் கை என்மேல் படுகிறது.

“போதும், அழாத” என்றார். குரல் உடைந்திருந்தது. “இன்னைக்குத்தான் எனக்கு மனசு ஆறுச்சு. நான் உன்னைய என்னென்னமோ நெனச்சுட்டேன் பவா.”

அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். கொய்யா வரும். இனி ஒவ்வொரு சாவுக்கும் இடுப்பில் மருந்தைச் சொருகிக்கொண்டு போய், தெருமுனையில் நாலு சொட்டு விட்டுக்கொண்டால் என் குடும்ப வாழ்க்கைக்கு ஒரு குறையும் வராது. எவ்வளவு மலிவு.

இடுப்பிலிருந்த மருந்துப் பாட்டிலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

“நீங்க தொடச்சது இதைத்தான்.”

அவர் புரியாமல் பார்த்தார். மூடியைத் திறந்து ஒரு சொட்டை அவர் விரலில் விட்டேன். அது தண்ணீரைவிடக் கொஞ்சம் கொழகொழப்பாக அங்கேயே நின்றது. அவர் முகம் கறுத்தது.

“அப்ப நடிச்சியா?”

“உங்கக்கா குடுத்த வெங்காயம் ஜன்னல்ல இருக்கு. அதைத் தேச்சிருந்தா நடிப்பு. தேச்சிருந்தாலும் ஒண்ணும் வந்திருக்காது.” அடுப்புப் பக்கம் குவிந்து கிடந்த வெங்காயத் தோலைக் காட்டினேன். “காலையில அதை உரிச்சது யாரு? இந்த வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும் உரிச்சது யாரு? என் கண்ணு கலங்கி எப்பப் பாத்தீங்க, யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் அந்தத் தோல் குவியலைப் பார்த்தார். காற்றில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லை முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. பிறகு என் கண்ணைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, கண்ணில் என்ன தெரிகிறது என்று தேடாமல் கண்ணை மட்டும் பார்த்தார். சிவந்த ஓரங்களை, வீங்கிய இமையை. விரலில் இருந்த சொட்டை என்ன செய்வது என்று தெரியாமல் விரலை நீட்டியபடியே நின்றார்.

“அம்மாவுக்குத் தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அத்தைக்கு மட்டுந்தான் முழுசாத் தெரியும். உங்ககிட்டக் கேக்கச் சொல்லுச்சு. நான் கேக்கல.”

“என்ன கேக்கல?”

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குழாயைத் திறந்து, ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்தேன். முதல் விதியை நோய் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவதை நானே உடைத்தேன்.

“வெள்ளிக்கிழமை மதுரைக்கு எங்கூட வாங்க. வெளிய பெஞ்சுல இல்ல, உள்ள வந்து எம்பக்கத்துல உக்காருங்க.”